அம்புலன்ஸ் ஓட எத்தனை பேர் வேண்டும்?

ஒரு அம்புலன்ஸ் வாரத்துக்கு 168 மணித்தியாலம் ஓட வேண்டும். ஒருவருக்கு 48 மணித்தியால வேலை என்றால் ஒரு இருக்கைக்கு மூன்றரை ஆள். சாரதி, மருத்துவ உதவியாளர் என இரண்டு இருக்கைக்கு 7 பேர். இந்த 7 பேரோடு நிறுத்திவிடாதீர்கள். லீவு, காய்ச்சல், பயிற்சி நாட்கள் எல்லாம் சேர்த்தால் 9 பேர் தேவை. இல்லாவிட்டால் முதலில் வெட்டுப்படுவது பயிற்சிதான்.

சாரதிக்கும் நெஞ்சழுத்தம் (இதயம் நின்றவரின் நெஞ்சைக் கையால் அழுத்துவது) பழக்குங்கள். 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம். 2 நிமிடத்தில் கை தளர்ந்து ஆழம் குறையும். அழுத்துபவருக்கு அது தெரியாது. அதனால் களைக்க முன்பே ஆள் மாற வேண்டும். நிலாவெளிக் கடலில் மூழ்கி மூச்சு நின்றவருக்கு முதலில் 5 செயற்கை மூச்சு, பிறகு 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு.

ஒட்சிசன் கணக்கை மனப்பாடமாக்குங்கள்: 2 லீற்றர் சிலிண்டர், மானியில் 150 பார் அழுத்தம், இரண்டையும் பெருக்கினால் 300 லீற்றர். நிமிடத்துக்கு 10 லீற்றர் விட்டால் அரை மணித்தியாலத்தில் காலி. புல்மோட்டையிலிருந்து திருகோணமலை வைத்தியசாலை 50 கிலோமீற்றருக்கு மேல்; அதற்கு இந்தச் சிறிய சிலிண்டர் போதாது. வண்டியிலுள்ள பெரிய சிலிண்டரின் மானியைப் பாராமல் வண்டியை எடுக்க விடாதீர்கள்; முறை மாறும்போது இருவரும் சேர்ந்து பார்த்துக் கையொப்பமிடட்டும்.