ஆம்ப்ளிஃபையருக்கு பவர் சப்ளை: கணக்கை ஸ்பீக்கரில் தொடங்குங்கள்

கையில் கிடைத்த டிரான்ஸ்ஃபார்மரை வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தால், ஒன்று சத்தம் போதாது, இல்லை ஐசி போய்விடும். கணக்கு ஸ்பீக்கரிலிருந்து பின்னோக்கி வரவேண்டும்.

இரண்டு எல்எம்3886 ஆம்ப்ளிஃபையர் ஐசி (சேனலுக்கு ஒன்று), 8 ஓம் ஸ்பீக்கர், சேனலுக்கு 40 வாட் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஸ்பீக்கரில் உச்ச வோல்டேஜ் 25.3, உச்ச கரண்ட் 3.2 ஆம்பியர். ஐசியில் 3 வோல்ட் போகும், ரிப்பிளுக்கு (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கத்துக்கு) 2 வோல்ட் விடுங்கள். ஆக ப்ளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் 30 வோல்ட் வேண்டும். டயோடில் இறங்கும் 1 வோல்ட்டையும் கூட்டி 1.414-ஆல் வகுத்தால் 22. வாங்கவேண்டியது 22-0-22 (நடு ஒயர் 0, அதிலிருந்து இரு பக்கமும் 22 வோல்ட்), 160 விஏ டொராய்டு, அதாவது வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர். முழு சத்தத்தில் சைன் அலையை நிறுத்தாமல் ஓட்டினால் வோல்டேஜ் இன்னும் கொஞ்சம் இறங்கும். பாட்டுக்கு இது தாராளம்.

அடுத்து எதிர்ப்பக்கம் பாருங்கள். லோடு இல்லாதபோது செகண்டரி (டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டுச் சுற்று) சுமார் 8% ஏறி நிற்கும், மெயின்ஸும் 10% கூடலாம். அப்போது ஒவ்வொரு பக்கமும் 36 வோல்ட் வரும். ஐசியின் எல்லை மொத்தம் 84 வோல்ட், அதனால் அது தப்பிக்கும். 35 வோல்ட் கெப்பாசிட்டர் தப்பிக்காது. 50 வோல்ட்டே போடுங்கள்.

இரண்டு சேனலும் சேர்ந்து ஒரு பக்கத்திலிருந்து சராசரியாக 2 ஆம்பியர் இழுக்கும். 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸில் கெப்பாசிட்டர் நொடிக்கு 100 முறை சார்ஜ் ஆவதால், பக்கத்துக்கு 10,000 மைக்ரோ ஃபாரட் போட்டால் ரிப்பிள் 2 வோல்ட்டுக்குள் அடங்கும். மைனஸ் பக்கக் கெப்பாசிட்டரின் ப்ளஸ் கால்தான் கிரவுண்டுக்குப் போகவேண்டும். இதை மாற்றிப் போட்டால் வெடிக்கும். ஒவ்வொன்றின் குறுக்கேயும் 2.2 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் வையுங்கள். ஆஃப் செய்த இரண்டு நிமிடத்தில் சார்ஜ் வடிந்துவிடும். ஏசியை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜ் 25 ஆம்பியர், 400 வோல்ட். 230 வோல்ட் பிரைமரியின் (மெயின்ஸ் பக்கச் சுற்றின்) லைவ் ஒயரில் 1.6 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃபியூஸ்.

ஸ்பீக்கரில் ஹம் (ஓயாத முனகல்) வந்தால் பலரும் கெப்பாசிட்டரைப் பெரிதாக்குகிறார்கள். கோளாறு பெரும்பாலும் ஒயரிங்கில்தான். சார்ஜிங் கரண்ட் சீராக ஓடுவதில்லை. ஒவ்வொரு அரை அலையின் உச்சியிலும் பல ஆம்பியர் ஒரே குத்தாகப் பாய்கிறது. கெப்பாசிட்டர் பெரிதானால் அந்தக் குத்து இன்னும் கூர்மையாகும். சென்டர் டேப் ஒயரை (டிரான்ஸ்ஃபார்மரின் 0 ஒயரை) நேராக இரண்டு கெப்பாசிட்டருக்கும் நடுவே கொண்டுவந்து சேருங்கள். அங்கிருந்து தனியாக ஒரு ஒயர் எடுத்து ஸ்டார் பாயிண்ட் அமையுங்கள். ஸ்பீக்கர் ரிட்டர்ன், போர்டு கிரவுண்ட் எல்லாம் அந்தப் புள்ளிக்கே வரட்டும், சென்டர் டேப் ஒயரின் நடுவில் எதுவும் தொடக்கூடாது. மெட்டல் பெட்டிக்கு மெயின்ஸ் எர்த் கட்டாயம், அதற்கென்று தனி போல்ட்.

செகண்டரி இரண்டு தனிச் சுற்றாக இருந்தால், ஒன்றின் முடிவை மற்றதன் தொடக்கத்தோடு சேர்த்து வெளி முனைகளுக்கிடையே ஏசி வோல்டேஜை அளந்து பாருங்கள். 44 வோல்ட் அல்லது கொஞ்சம் கூடுதலாகக் காட்டவேண்டும். பூஜ்யம் காட்டினால் ஒரு சுற்றைத் திருப்புங்கள். டொராய்டின் நடு போல்ட் பெட்டியின் அடியையும் மூடியையும் ஒருசேரத் தொடவே கூடாது. தொட்டால் அது ஷார்ட் ஆன ஒரு சுற்றாகி, டிரான்ஸ்ஃபார்மர் கருகும்.

முதல்முறை ஆன் செய்யும்போது லைவ் ஒயரில் 60 வாட் இழை பல்பு ஒன்றை சீரிஸில் போடுங்கள், எல்இடி உதவாது. பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. பிரகாசம் குறையாவிட்டால் உடனே ஆஃப் செய்துவிட்டு பிரிட்ஜையும் கெப்பாசிட்டர் முனைகளையும் பாருங்கள்.

அதன்பிறகும் ஹம் இருந்தால் காதைத் தீட்டிக் கேளுங்கள். கரகரவென்ற 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் என்றால் கிரவுண்ட் ஒயர்களை மறுபடி பாருங்கள். மெல்லிய 50 ஹெர்ட்ஸ் முனகல் என்றால் இன்புட்டை ஷார்ட் செய்து பார்க்கவும். அப்போதும் இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம்தான் காரணம். போல்ட்டைத் தளர்த்தி, சத்தம் குறையும்வரை டொராய்டை மெதுவாகச் சுழற்றி, அங்கேயே முறுக்குங்கள்.