செல்பேசியின் அதிர்வு தவறாமல் உணரப்பட

காது மந்தமான முதியவர் ஒருவருக்குச் செல்பேசியை அமைத்துக் கொடுக்கும்போது, நாம் பெரும்பாலும் அதிர்வின் வலிமையை முழுமையாகக் கூட்டிவிட்டு அத்துடன் நின்றுவிடுகிறோம். அது போதாது, கருவி உடம்பில் எங்கே படுகிறது, எவ்வளவு நேரம் அதிர்கிறது என்பவற்றையும் கவனிக்க வேண்டும்.

விரைவான அதிர்வை நமக்கு உணர்த்துபவை, தோலின் ஆழத்தில் வெங்காயம்போல் அடுக்கடுக்கான உறைகளுடன் அமைந்திருக்கும் பாசினி நுண்ணுறுப்புகள். நொடிக்கு ஏறத்தாழ 200 முதல் 300 முறை அதிரும் அசைவே அவற்றுக்கு மிக நன்றாகப் புலப்படும். செல்பேசி மோட்டார்கள் பலவும் இதை ஒட்டிய வேகத்திலேயே அதிர்கின்றன. ஆனால் வயது ஏற ஏற இந்த உணர்திறன் குறைவதால், பேத்தியின் கைக்குத் தெளிவாகத் தெரியும் அதிர்வு தாத்தாவுக்குத் தெரியாமல் போகலாம். ஆகவே உங்கள் கையில் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பயன்படுத்தப் போகிறவரிடமே கொடுத்துச் சோதியுங்கள்.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தோலில் படும் பரப்பு கூடினால் மெல்லிய அதிர்வும் உணரப்படும் என்பதால், தொளதொளத்த சட்டைப்பையைவிட உடம்போடு ஒட்டிய பை நல்லது. கைப்பைக்குள் வைத்தால் ஏறக்குறைய பயனே இல்லை. மேசைமேல் வைத்த செல்பேசி கடகடவென்று ஒலிப்பது, காது கேளாதவருக்கு உதவாது. மணிக்கட்டில் இறுக்கமாகக் கட்டிய அதிரும் கைக்கடிகாரம் இந்த இடச்சிக்கலைப் பெருமளவு தீர்த்துவிடுகிறது.

அடுத்தது தாளம். ஒரு நொடிவரை நீளும் அதிர்வு, சட்டென்று முடியும் துடிப்பைவிட எளிதில் உணரப்படுகிறது. ஆனால் நெடுநேரம் இடைவிடாமல் நீண்டால் தோல் அதற்குப் பழகி உணர்வு மங்குகிறது. எனவே முக்கால் நொடி அதிர்வு, அரை நொடி இடைவெளி என்று மாறி மாறி வருமாறு அமையுங்கள். ஐபோனில் திரையைத் தட்டியும் அழுத்திப் பிடித்தும் நாமே தாளத்தைப் பதிந்து, தொடர்புப் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒதுக்கலாம். மகளின் அழைப்பை மட்டுமாவது இப்படிப் பிரித்துவைப்பது மிகுந்த நிம்மதி தரும்.

கடைசியாக, அவரை உட்காரவைத்து மட்டும் சோதிக்காதீர்கள். நடக்கும்போது உடலசைவும், பேருந்தில் எஞ்சினின் அதிர்வும் செல்பேசியின் அதிர்வை மறைத்துவிடும். அவர் தெருவில் நடந்துகொண்டிருக்கையில், முன்கூட்டிச் சொல்லாமல் சில முறை அழைத்துப் பாருங்கள்; தவறவிட்டால் இடத்தையும் தாளத்தையும் மாற்றி மீண்டும் அழையுங்கள்.