ராமநாதபுரம் கடற்கரையில் ஹைஜியா: தேடுவோர் செய்யும் தவறுகள்

ஹைஜியா என்ற சிறுகோளை ஒரே இரவில் பார்த்துவிடலாம் என்று கிளம்புவதுதான் முதல் தவறு. சுமார் 430 கிலோமீட்டர் அகலமுள்ள இது, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையில் நான்காவது பெரியது. ஆனால் கார்பன் மண்டிய அதன் கரிய பரப்பு, மேலே விழும் ஒளியில் ஏறக்குறைய 7 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. அதே பட்டையிலுள்ள வெஸ்டா வெறுங்கண்ணுக்கே எட்டும். இதுவோ மிகப் பிரகாசமாக இருக்கும்போதும் 9 மேக்னிட்யூட்தான் (ஒளி அளவு; எண் கூடினால் மங்கல்), பல ஆண்டுகளில் 10-ஐத் தாண்டி மங்கிவிடும். அதனால்தான் ஜூனோ, ஐரிஸ் உள்ளிட்ட, இதைவிடச் சிறிய சிறுகோள்கள் ஆறு முந்திக்கொள்ள, 1849-இல்தான் இத்தாலியின் நேப்பிள்ஸில் வானியலாளர் தெ காஸ்பாரிஸ் கண்ணில் இது பட்டது. பைனாகுலரை நம்பாதீர்கள்; 6 அங்குலத் தொலைநோக்கி வேண்டும்.

அதிலும் வட்டமாகத் தெரியாது, வெறும் புள்ளிதான். காட்டிக்கொடுப்பது அதன் நகர்வு. சூரியனுக்கு நேர் எதிரே வரும் நாட்களில் ஒரு நாளைக்குச் சுமார் 12 கலை (ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) நகரும். ஐப்பீஸில் தெரியும் நட்சத்திரங்களைத் தாளில் வரையுங்கள். மறுநாளும் அதே இடத்தை வரையுங்கள். இடம் மாறிய புள்ளிதான் ஹைஜியா. ஐப்பீஸுக்கு முன் ஒளியை மடக்கும் கண்ணாடியான டயகனல் மாட்டியிருந்தால் காட்சி இடவலம் மாறும், வரைபடத்தோடு ஒப்பிடும்போது பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆயங்களை, அதாவது வானில் இடத்தைக் குறிக்கும் எண்களை, கலந்துவிடுவது அடுத்த தவறு. 2000-ஆம் ஆண்டு அடிப்படையிலான அட்லஸில் இன்றைய தேதிக்கான ஆயங்களைக் குறித்தால் 20 கலைக்கு மேல் பிசகும். அது ஒன்றரை நாள் நகர்வுக்கும் அதிகம். சிறுகோளின் இடத்தை நாள்வாரியாகத் தரும் அட்டவணையின் 0 மணி (உலக நேரம்) என்பது நமக்குக் காலை 5.30.

தனுஷ்கோடி இருட்டை நம்பித் திட்டமிடாதீர்கள், பொழுது சாய்ந்தபின் உள்ளே விடுவதில்லை. மூக்கையூர், வாலிநோக்கம் பக்கம் ஊர் விளக்கு மறையும் இடம் போதும். கடல் விளிம்பில் தேடவும் வேண்டாம். இந்த அட்சரேகையில் நள்ளிரவில் அது 50 பாகைக்கு மேலே ஏறிவிடும், அங்கே உப்புப் புகைமூட்டம் குறைவு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை வசதி. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் ட்ரைபாட் நடுங்கும். மணலில் கால்கள் புதையாமல் அடியில் பலகைத் துண்டுகள் வையுங்கள்.

அதிகம் பாழாவது லென்ஸ்தான். கடற்காற்றின் ஈரத்தில் உப்பும் நுண்மணலும் கலந்திருக்கும். துண்டால் துடைத்தால் பூச்சில் கீறல் விழும். முதலில் ரப்பர் பல்பால் ஊதுங்கள், பிறகு வாலை வடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) நனைத்த பஞ்சால் அழுத்தாமல் ஒற்றுங்கள். லென்ஸ் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு நீளத்துக்குக் கறுப்பு சார்ட் அட்டையை முன்னால் சுற்றினால் பனி படிவது தாமதமாகும். ஏசி அறையிலிருந்து எடுத்த தொலைநோக்கியை வெளியே உடனே திறக்காதீர்கள். அரை மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.