பள்ளியில் ஈஸ்டர் ஆராதனை: பன்னிரண்டு நாள் முன்பே தொடங்கும் வேலை

பெரிய வெள்ளிக்கு லீவு விடுகிற அவசரத்தில் ஈஸ்டர் ஆராதனையையும் முன்கூட்டியே முடித்துவிடும் பழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. அதைத் தவிருங்கள். சிலுவைப்பாடுகளின் வாரத்திலேயே அல்லேலூயாவும் பாடிவிட்டால், இரண்டில் எதுவும் பிள்ளைகள் மனதில் நிற்காது. ஈஸ்டர் காலம் பெந்தெகொஸ்தே என்ற தூய ஆவி திருநாள் வரைக்கும் 50 நாள். அதனால் திருநாள் கழிந்த செவ்வாய்க்கிழமை தாராளமாக வைக்கலாம். திங்கட்கிழமை வேண்டாம், ஊருக்குப் போன பிள்ளைகள் பலர் திரும்பியிருக்க மாட்டார்கள். 2027இல் ஈஸ்டர் மார்ச் 28, 2028இல் ஏப்ரல் 16. தேர்வு அட்டவணையைப் பார்த்து இப்போதே நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். காலை 9 மணிக்குத் தொடங்கி 9.40க்குள் முடிக்க வேண்டும். தகர ஷீட் போட்ட கூடமானால் பத்து மணிக்கு மேல் எந்தப் பிள்ளையின் காதிலும் ஒன்றும் ஏறாது.

சம்மதச் சீட்டு முதலில். நம் பகுதிப் பள்ளிகளில் இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் படிக்கிறார்கள். அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில் யாரையும் வழிபாட்டில் கட்டாயப்படுத்தக் கூடாது, சிறு பிள்ளையானால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 28(3) பிரிவு. ஒரு வாரம் முன்பே டைரியில் துண்டுச்சீட்டு ஒட்டி அனுப்புங்கள். கலந்துகொள்ளாத பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரைப் போட்டு, நூலகத்தில் படம் வரையவோ கதைப் புத்தகம் படிக்கவோ வையுங்கள். வராந்தாவில் நிற்க வைத்தால் அது தண்டனையாகத்தான் தெரியும்.

இனி நெல். நிலத்தில் விழுந்து செத்துப் பலன் தரும் கோதுமை மணியைப் பற்றி யோவான் 12:24 பேசுகிறது. டெல்டாப் பிள்ளைக்குக் கோதுமை வயல் தெரியாது, நாற்றங்கால் தெரியும். குருத்தோலை ஞாயிற்றுக்கு (ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு) முந்தின வியாழக்கிழமை விதைநெல்லை ஊறப் போடுங்கள், 24 மணி நேரம். வெள்ளிக்கிழமை வடித்து, ஈரச் சாக்கில் மூட்டையாகக் கட்டி நிழலில் இன்னும் 24 மணி நேரம் வைத்து, இடையிடையே தண்ணீர் தெளியுங்கள். சனிக்கிழமை வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். வாய்க்கால் வண்டலைக் கொட்டாங்குச்சியில் குழைத்துப் போட்டு, ஒன்றுக்குப் பத்துப் பதினைந்து மணி விதைத்தால், பத்தாம் நாளான ஆராதனைச் செவ்வாயன்று விரல் உயரப் பச்சை நிற்கும்.

கெடுவது மூன்று இடத்தில். மருந்து கலந்து விதைநேர்த்தி செய்த நெல்லைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது, ஒரு வீட்டிலிருந்து மருந்து படாத விதையாகக் கேட்டு வாங்குங்கள். புதிதாக அறுத்த நெல்லில் சில ரகம் உறக்கம் கலையாமல் முளைக்காது, ஆகவே ஒரு கைப்பிடியை முன்பே முளைக்கவிட்டுப் பாருங்கள். மூன்றாவது, பெரிய வெள்ளி முதல் ஞாயிறு வரை பள்ளி பூட்டியிருக்கும், மூன்று நாளில் மண் காய்ந்து வெடித்துவிடும். முந்தின நாள் வியாழக்கிழமையே கொட்டாங்குச்சிகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, ஆராதனைச் செவ்வாயன்று திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள். பள்ளியில் ஒரு தாம்பாளம் நாற்று தனியாக இருக்கட்டும், காவலாளி அண்ணனிடம் தண்ணீர் ஊற்றச் சொல்லிவைத்தால் போதும்.

ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, “விதை சாகலையே டீச்சர், உயிரோடதானே இருந்துச்சு?” என்று கேட்கும். சரியான கேள்வி. ஆமாம் என்றே சொல்லுங்கள். நெல் முளைப்பது வருஷா வருஷம் நடப்பது, உயிர்த்தெழுதல் அப்படியல்ல. நெல் ஓர் உவமை, அவ்வளவுதான்.

நாடகத்தில் வரும் கல்லறைக்கு நான்கு மூங்கில் கழி, நான்கு சாக்கு. பசை வேண்டாம், மைதாப் பசைக்கு ஒரே இரவில் எறும்பு வந்துவிடும். கோணி ஊசியால் தைத்துவிடுங்கள். வாசல் 18 அங்குல அகலம், 18 அங்குல உயரம் போதும். யோவான் 20இல் மரியாளும் குனிந்துதான் உள்ளே பார்க்கிறாள். வாசலை மூடும் கல்லுக்குப் பெரிய சைக்கிளின் பழைய சக்கரம் எடுங்கள், டயரோடு 28 அங்குலம் இருக்கும். கம்பியையும் அச்சையும் கழற்றிவிட்டு, இரு பக்கமும் அட்டை வைத்துச் சாக்கைச் சுற்றித் தையுங்கள். தெர்மாகோல் கல் ஃபேன் காற்றுக்கே சாய்ந்துவிடும். தரையில் இரண்டு மூங்கிலை மூன்று அங்குல இடைவெளியில் ஐந்தடி நீளத்துக்குக் கிடத்தினால், கல் அந்தத் தடத்திலேயே உருளும். முடிவில் ஒரு செங்கல் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் முன்வரிசையில் சம்மணமிட்டிருக்கும் எல்.கே.ஜி. பிள்ளைகள் மேல் போய் விழும்.

வாசிப்புக்கு யோவான் 20:11-18 மட்டும். பழைய திருப்புதல் பைபிளில் மகதலேனா மரியாள், பொது மொழிபெயர்ப்புப் பைபிளில் மகதலா மரியா. பாட்டிலும் நாடகத்திலும் வாசிப்பிலும் ஒரே பெயர் வரட்டும். இயேசுவாக யாருக்கும் வேஷம் போட வேண்டாம். மரியாளாக நிற்கும் பிள்ளை கல்லறையைப் பார்த்து அழுகிறாள், தோட்டக்காரர் என்று நினைத்துப் பேசுகிறாள். அங்கே வாசிப்பவர் நிறுத்த வேண்டும். கூடத்தின் பின்வாசலிலிருந்து, மைக் இல்லாமல், மெதுவாக ஒரு குரல்: “மரியாளே.” மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்க்கும். மூன்று எண்ணும் வரை யாரும் எதுவும் பேசக் கூடாது. ஆராதனையின் உயிர் அந்த மூன்று நொடியில் இருக்கிறது. கீபோர்டு வாசிப்பவர் ஆசையில் அதை நிரப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சவுக்கடி, ரத்தம் எதுவும் மேடையில் வேண்டாம், சின்னப் பிள்ளைகள் பயந்து அழுவார்கள். “யூதர்கள் கொன்றார்கள்” என்ற நாடக வசனத்தையும் அடித்துவிடுங்கள். மரியாளும் சீடர்களும் இயேசுவுமே யூதர்கள்தான்.

அதன்பிறகு “கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்” என்று ஆயர் சொல்ல, பிள்ளைகள் “மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்” என்று மூன்று தடவை சொல்லட்டும். உடனே பாட்டு. சார் தன் ஒன்றரைக் கட்டைச் சுருதியில் எடுத்தால் பிள்ளைகள் முனகத்தான் முடியும், நாலரை, ஐந்து கட்டையில் எடுங்கள். பேச்சு ஐந்து நிமிஷம். அதற்குள் நெல்லைக் காட்டிவிடலாம்.

பூச்சிலுவைக்கு ஆறடி மூங்கிலும் மூன்றடி மூங்கிலும் குறுக்கே கட்டி, அதன்மேல் வாழைமட்டையைப் போர்த்திக் கயிற்றால் இறுக்குங்கள். முழுத் தண்டு கனம் தாங்காமல் சாயும். மட்டையில் ஈரம் இருப்பதால் பூ வாடாது. ஆனால் வாழைக்கறை வெள்ளைச் சட்டையில் பட்டால் போகவே போகாது. முந்தின நாளே வெட்டி, நிற்கவைத்து வடியவிட்டு, வெட்டுவாயில் பாலித்தீன் சுற்றிவிடுங்கள். செவ்வந்தி, செம்பருத்தி, எது கிடைத்தாலும் சரி. அரளி வேண்டாம், விஷச்செடி. வீட்டிலிருந்து கொண்டுவரும் பூவை வாசலிலேயே வாங்கி ஈரத்துணி மூடிய கூடையில் வையுங்கள், கையில் வைத்திருந்தால் அரை மணியில் துவண்டுவிடும். ஈர்க்குச்சியை ஆசிரியர்களே முன்கூட்டிச் செருகி, வெளியே ஒரு அங்குலம் மட்டும் நீட்டி நறுக்கிவிட்டால், பிள்ளை பூவை அதில் குத்தினால் போதும். 120 பிள்ளைகள் ஒரே வரிசையில் வந்தால், ஆளுக்கு ஐந்து விநாடி வைத்தாலும் பத்து நிமிஷம் போய்விடும். இரண்டு வரிசையாக விடுங்கள். எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளைக் குச்சிப் பக்கம் விடாமல், சிலுவையடியில் உள்ள தாம்பாளத்தில் பூவை வைக்கச் சொல்லுங்கள்.

சாக்லேட் உருகும், கடலைமிட்டாயும் நீர்மோரும் கொடுங்கள். கொட்டாங்குச்சி நாற்றைப் பிள்ளைகள் திரும்ப எடுத்துப் போகும்போது, கொல்லையில் தண்ணீர் நிற்கும் இடமாகப் பார்த்து மண்ணோடு இறக்கி வைக்கச் சொல்லுங்கள். வேரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம் என்றும் சொல்லியனுப்புங்கள். பாதிப் பேர் பிடுங்கிப் பார்ப்பார்கள், அதனால் தாம்பாளத்து நாற்றில் கொஞ்சம் மீதி வையுங்கள்.