ஏற்காட்டுல சின்ன காத்தாடி போடணுமா, முதல்ல காத்த அளங்க

மலை மேல தோட்டம் இருக்கு, எந்நேரமும் காத்து அடிக்குது, கரண்ட் தயாரிக்கற ஒரு காத்தாடி வெச்சா கரண்ட் பில்லே வராதுல்லனு நிறைய பேர் கேக்கறாங்க. வைக்கலாங்க, ஆனா மெஷினுக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி காத்த அளக்கணும், அத விட்டுட்டு என்ன பண்ணாலும் காசு தண்டம்.

ஏன்னா காத்தோட வேகம் ரெண்டு மடங்கு ஆச்சுன்னா அதுல இருக்கற பவர் எட்டு மடங்கு ஆகும். 2 மீட்டர் விட்டம் உள்ள காத்தாடி, செகண்டுக்கு 10 மீட்டர் காத்துல சுமார் 500 வாட் தருதுன்னா 5 மீட்டர்ல 60 வாட் தான், 3 மீட்டர்ல ஒரு எல்இடி பல்பு எரியும் அவ்ளோதான். 1 கிலோவாட்னு மெஷின்ல போட்டிருக்கறது பெரும்பாலும் 11, 12 மீட்டர் வேகத்துக்கு, அதாவது மணிக்கு 40 கிலோமீட்டர் காத்துக்கு. அப்படி தினமும் அடிக்குதா உங்க தோட்டத்துல? அதோட ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், காத்தோட அடர்த்தியே கம்மி, கடலோரத்துல கிடைக்கறத விட பத்து பதினஞ்சு சதவீதம் கரண்ட் கொறையும். பெரிய காத்தாலைங்க நிக்கற முப்பந்தல்ல கணவாய் வழியா பிச்சுக்கிட்டு வர்ற காத்த பாத்துட்டு நம்ம சேர்வராயன் மலையிலயும் அதே மாதிரினு கணக்கு போடாதீங்க.

அடுத்து இடம், இதுல தான் பாதி பேர் சறுக்கறாங்க. காபிக்கு நிழலா நிக்கற சில்வர் ஓக் இருக்கே, மிளகு ஏத்தி விட்டிருப்பாங்களே, அது தான் காத்தாடிக்கு எதிரி. சுத்தி 150 மீட்டருக்குள்ள இருக்கற மரம், கட்டடம் எல்லாத்த விடவும் றெக்கையோட அடி நுனி 9 மீட்டராவது மேல இருக்கணும். ஒரு நீளமான கம்பத்துல ரெண்டு மூணு மீட்டருக்கு ஒண்ணா துணி ரிப்பன் கட்டி நிறுத்திப் பாருங்க, கீழ இருக்கறது சுழண்டு சுழண்டு அடிச்சுக்கும், மேல போகப் போக ஒரே திசையில நீட்டி நிக்கும், அந்த நீட்டி நிக்கற உயரத்துக்குக் கீழ மெஷின் வெச்சா கரண்டும் வராது பேரிங்கும் தாங்காது. மொட்டை மாடியில வைக்கவே வேணாம், அதிர்வு வீடு பூரா கேக்கும்.

அப்புறம் அதே உயரத்துல காத்து வேகத்த அளக்கற கிண்ணம் சுத்தற அனிமோமீட்டர, அளவ பதிஞ்சு வெக்கற டேட்டா லாகரோட மாட்டி ஒரு வருஷம் விடுங்க. ஆனி ஆடி காத்த மட்டும் அளந்தீங்கன்னா ஏமாந்துருவீங்க, மார்ச் மாசமும் கணக்குல வரணும். சராசரிய மட்டும் பாக்காம எத்தன மணி நேரம் எந்த வேகத்துல அடிச்சுதுனு பிரிச்சுப் பாருங்க. சராசரி வேகம் செகண்டுக்கு 4 மீட்டருக்குக் கீழன்னா என் கருத்து நேரா சோலார் தான். 5க்கு மேல இருந்தா சோலாரோட சேத்து வைங்க, மழை மாசத்துல மேகம் மூடி பேனல் படுத்துக்கிட்டாலும் காத்து ஓரளவு கை குடுக்கும்.

வாங்கறதா முடிவாச்சுன்னா டவர் சாய்ச்சு இறக்கற மாடலா கேளுங்க, கிரீஸ் வைக்கறதுக்கு உயிரப் பணயம் வெச்சு ஏற வேண்டியதில்ல. சித்திரை வைகாசி இடி மலை மேல எப்படி விழும்னு உங்களுக்கே தெரியும், அதனால டவருக்கும் அத இழுத்துக் கட்டற ஸ்டே கம்பிக்கும் தனித்தனியா எர்த் போட்டு, கரண்ட சீராக்கற கண்ட்ரோலருக்கு முன்னாடி, திடீர்னு ஏறற வோல்டேஜ தடுக்கற சர்ஜ் அரெஸ்டர் மாட்டாம ஸ்விட்ச் போடாதீங்க.