சான்டா கிளாரா கவுண்டி நூலகம்: புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகள்

கலிபோர்னியாவின் சான்டா கிளாரா கவுண்டிக்கு (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களை நூலகத்துக்கு அழைத்துப்போய் கார்டு வாங்கித் தருவது என் வழக்கம். போன சனிக்கிழமை ஒரு பெண் திருப்பிக் கொடுக்கக் கை நிறையப் படப்புத்தகங்களோடு வந்து, "எல்லாத்தையும் இங்கயே போட்டுடலாம்தானே அக்கா?" என்றார். 12 வருடத்துக்கு முன்னால் நான் யாரையும் கேட்காமலே போட்டுவிட்டேன். தேதிக்குள் திருப்பிக் கொடுங்கள், பக்கத்தை மடிக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாததை மட்டும் சொல்கிறேன்.

கவுண்டிக்குள் இருப்பதெல்லாம் கவுண்டி நூலகம் என்று நினைப்பது

இந்தக் கவுண்டியில் 15 ஊர்கள். குபர்டினோ, மில்பிடாஸ், சாரடோகா, கில்ராய் உள்ளிட்ட 9 ஊர்கள்தான் கவுண்டி நூலகத்தில் சேர்ந்தவை. சான் ஹோசே, சான்டா கிளாரா, சன்னிவேல், மவுன்டன் வியூ, பாலோ ஆல்டோ, லாஸ் கேட்டோஸ் ஆகிய ஆறும் தங்கள் நூலகத்தைத் தாங்களே நடத்துகின்றன. சான்டா கிளாரா நகர நூலகம் வேறு, சான்டா கிளாரா கவுண்டி நூலகம் வேறு. பெயரைப் பார்த்து ஏமாறாதவர் குறைவு. கலிபோர்னியாவின் 1911ஆம் ஆண்டு கவுண்டி நூலகச் சட்டம், சொந்த நூலகம் வைத்திருந்த நகரங்கள் சேராமல் இருக்க இடம் கொடுத்தது. அதனால்தான் இன்றும் தனித்தனிக் கார்டு, தனித்தனிக் கணக்கு.

இது தெரியாமல், இந்தியா கிளம்புவதற்கு முந்தைய இரவு, இரண்டு நூலகங்களில் எடுத்த 31 புத்தகங்களையும் வீட்டுப் பக்கத்து நூலகத்தின் திருப்பும் பெட்டியில் தள்ளிவிட்டு விமானம் ஏறினோம். ஆறு வாரம் கழித்து வந்து பார்த்தால், 14 புத்தகங்கள் தொலைந்ததாகக் கணக்கு. 200 டாலருக்கு மேல் கேட்டிருந்தார்கள். வேறு நூலகத்தின் புத்தகம் பெட்டியில் விழுந்தால் அதைத் தனியே எடுத்து வைத்து, வண்டி போகும்போது அனுப்புவார்கள். அது உரிய இடத்துக்குப் போய்ச் சேரும்வரை உங்களிடம் இருப்பதாகத்தான் அர்த்தம். தாமதக் கட்டணம் இல்லாத நூலகத்திலும், தொலைந்ததாகக் குறித்துவிட்டால் விலையைக் கேட்பார்கள்.

ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனது. அதுவரை என் மகளுக்கு அங்கே ஒரு புத்தகம்கூட எடுக்க முடியவில்லை. நான்கு வயது, அப்போதுதான் எழுத்துக்கூட்டத் தொடங்கியிருந்தாள். பணத்தைவிட அதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

பார்கோடு ஒட்டியிருக்கும் இடத்தில் நூலகத்தின் பெயர் இருக்கும். பெட்டி முன்னால் நின்று அதைப் படியுங்கள். வீட்டில் ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒரு பை என்று தனித்தனியாக வையுங்கள். மறுநாள் கணக்கைத் திறந்து, எல்லாம் இறங்கிவிட்டதா என்று பாருங்கள். கவுண்டி நூலகத்துக்குள் கிளை மாறினால் பரவாயில்லை, குபர்டினோவில் எடுத்ததை மில்பிடாஸில் கொடுக்கலாம்.

சரி, அந்தப் பெண் கொண்டுவந்ததை மேசையில் பரப்பிப் பார்த்தோம். 9 புத்தகங்கள் சன்னிவேலுடையவை.

ஊருக்குப் போகும்போது ஹோல்டை (புத்தகத்துக்கான முன்பதிவை) அப்படியே விடுவது

மூன்று மாதம் காத்திருந்த புத்தகம் நீங்கள் மதுரையில் இருக்கும்போது வந்து சேரும். சில நாள் அலமாரியில் இருந்துவிட்டு அடுத்தவருக்குப் போய்விடும். கிளம்புமுன் ஹோல்டை நிறுத்தி வையுங்கள்.

பிள்ளைக்குத் தனிக் கார்டு வாங்காதது

வாங்குங்கள்.

பழைய புத்தகங்களைத் திருப்பும் பெட்டியில் போடுவது

வேண்டாம். நன்கொடை எங்கே வாங்குகிறார்கள் என்று உள்ளே போய்க் கேளுங்கள்.