சோறு வைத்த பிறகு காக்காவைக் கவனிப்பது எப்படி

எங்கள் திருவல்லிக்கேணியில் காக்காவுக்குச் சோறு வைக்காத வீடு குறைவு. ஆனால் வைத்த கையோடு எல்லோரும் கீழே இறங்கிவிடுகிறார்கள். வேடிக்கையே அப்புறம்தான்.

கழுத்து சாம்பல் நிறமாக இருந்தால் அது ஊர்க்காக்கா. உடம்பெல்லாம் கறுப்பு, அலகு தடிமன் என்றால் அண்டங்காக்கா. மாடிக்கு அதிகம் வருவது ஊர்க்காக்காதான்.

தினமும் ஒரே நேரத்தில், கைப்பிடிச் சுவரில் ஒரே இடத்தில் ஒரு பிடி சோறு வையுங்கள். நிறைய வைத்தால் கூட்டம் சேரும். யார் என்ன செய்கிறது என்றே புரியாது. வைத்துவிட்டு நேராக முறைக்கக் கூடாது. நாம் பார்ப்பது அதற்கு நன்றாகவே தெரியும். கொடியில் துணி காயப்போடுகிற பாவனையில் பக்கவாட்டில் நின்று, ஓரக்கண்ணால் பாருங்கள். செல்போனைத் தூக்கினால் போச்சு.

சாப்பிடுவதைவிட, கிளம்பும்போது தொண்டையைக் கவனியுங்கள். அலகுக்கு அடியில் புடைத்திருந்தால் சோறு இன்னும் வயிற்றுக்குப் போகவில்லை. சின்னப் பை மாதிரியான இடத்தில் அடக்கி எடுத்துப் போகிறது. எங்கே போகிறதென்று கண்ணாலேயே தொடருங்கள். எதிர்வீட்டு ஏசி பெட்டிக்குப் பின்னால், செங்கல் இடுக்கில் சோற்றைத் திணித்து, மேலே ஒரு காய்ந்த இலையை இழுத்துப் போட்டு மூடும். தலையைச் சாய்த்துச் சரிபார்க்கும். பக்கத்தில் இன்னொரு காக்கா உட்கார்ந்திருந்தால், எடுத்து வேறு இடத்துக்கு மாற்றுவதையும் பார்த்திருக்கிறேன். காய்ந்த ரொட்டித் துண்டு வைக்கிற அன்று பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரும் வையுங்கள். முக்கி ஊறவைத்துத் தின்னும், பெரிய மனுஷத்தனமாக.

ஆளை அடையாளம் வைத்துக்கொள்ளக் காலைப் பாருங்கள். பட்டம் விடுகிற நூலோ முடியோ சுற்றி விரல் போன காக்காக்கள் நகரத்தில் உண்டு. எங்கள் மாடிக்கு வருகிற நொண்டிக் காக்காதான் எப்போதும் கடைசியில் இறங்கும்.

கோடைதான் கூடு கட்டும் பருவம். குச்சியோடு கம்பித் துண்டுகளும் தூக்கிப் போகும். இறக்கையைப் படபடத்து, சிவந்த வாயைத் திறந்து கெஞ்சுவது குஞ்சு. காக்கா ஊட்டுகிற குஞ்சு குயிலாகவும் இருக்கலாம். குரலிலேயே வித்தியாசம் தெரியும்.

கூட்டுப்பக்கம் மட்டும் போகாதீர்கள். முகத்தை மறக்காது. அமெரிக்காவின் சியாட்டிலில் 2006-ல் ஜான் மார்ஸ்லஃப் என்ற பறவை ஆய்வாளரின் குழு முகமூடி போட்டுக்கொண்டு அங்கிருந்த காக்காக்கள் சிலவற்றைப் பிடித்து, பிறகு விடுவித்தது. பல வருஷம் கழித்தும் அதே முகமூடியைக் கண்டால் காக்காக்கள் திட்டித் தீர்த்தன, பிடிபடாதவையும் சேர்ந்துகொண்டு. நம்மூர்க் காக்காவும் கூடு இருக்கும் நாட்களில் பின்னாலிருந்து வந்துதான் தலையில் கொத்தும். வடாம் காயவைக்கப் போனாலும் குடையோடு போங்கள்.